பைக்குள் அடங்கும் பிஸ்டல்: அமெரிக்காவில் துணைத் துப்பாக்கி வாங்குவோருக்கு

இடுப்பில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அதற்குத் துணையாகக் கால்சட்டைப் பையில் சிறிய பிஸ்டல் ஒன்றையும் வைத்துக்கொள்வதை அமெரிக்காவில் ‘பேக்கப்’ என்கிறார்கள். அப்படி ஒன்றை முதல்முறை வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வசிப்பது டெக்சாஸில். கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியக் குடிமகன். ஆகவே கூட்டரசு விதிகளை எல்லோருக்குமாகவும், மாநில விதிகளை டெக்சாஸை வைத்தும் சொல்கிறேன். உங்கள் மாநிலம் வேறானால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த பிஸ்டலில் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதற்கேற்ற உறையைத் தேடுகிறார்கள். பிறகு அந்த உறை நுழையும் கால்சட்டையைத் தேடுகிறார்கள். எல்லாம் முடிந்து பணம் கட்டப் போகும்போது, அடையாள அட்டையில் முகவரி பொருந்தவில்லை என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் தாள், அடுத்து பை, அதற்கடுத்து கை, கடைசியில்தான் பிஸ்டல்.

1. உங்கள் விசா என்ன என்று பாருங்கள்

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவதற்கு மட்டும்தான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நண்பரோடு பயிற்சிக்கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே அது உடைமைதான். மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டதால் விசா தகுதியை இழந்த மாணவர் ஒருவர் பயிற்சிக்கூடத்தில் சுட்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கு, 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. எச்-1பி நண்பர்கள் பலர் இதைப் பெரிய ரகசியம்போல் பேசிக்கொள்கிறார்கள். விதிவிலக்கு உண்மைதான். ஆனால் அதை நம்பி, பையில் மறைத்து வைக்கும் பிஸ்டலோடு ஊரில் நடமாடலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் குடிவரவு வழக்கறிஞர். கடைக்காரர் அல்ல, நண்பர்களும் அல்ல. என் கருத்தைக் கேட்டால், கிரீன் கார்டு கைக்கு வரும்வரை இந்தப் பக்கமே வராதீர்கள். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைக் கார்டு வந்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

கிரீன் கார்டு வந்த பிறகும் ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கத்தான் செய்கிறது. துப்பாக்கியை வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அது நாடு கடத்தலுக்குத் தனிக் காரணம் ஆகலாம். குடிமகன் அபராதத்தோடு தப்பிக்கும் இடத்தில் நீங்கள் வீட்டையும் வேலையையும் இழக்க நேரிடும். கீழே வரும் எச்சரிக்கைகளை இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

2. அடையாளத் தாள்களைச் சீர்செய்யுங்கள்

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் பெற்றுக்கொள்ள முடியும். இணையத்தில் வேறு மாநிலத்திலிருந்து வாங்கினாலும், அது உங்கள் ஊரில் உரிமம் பெற்ற ஒரு கடைக்குத்தான் வந்து சேரும். அங்கே மாற்றுக் கட்டணம் கட்டி, படிவம் நிரப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு. அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டிலும்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீடு மாறியும் ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியோடு மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்போம். துப்பாக்கிக் கடையில் அது செல்லாது. இப்போது வசிக்கும் முகவரி அரசு கொடுத்த தாளில் இருந்தாக வேண்டும். டெக்சாஸில் வீடு மாறிய 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது எப்படியும் விதி. கட்டணம் 11 டாலர். புதிய அட்டை வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், புதிய முகவரியுள்ள வாகனப் பதிவுத் தாளைக் கூடவே கொண்டுபோகலாம். மின்கட்டண ரசீதும் வாடகை ஒப்பந்தமும் அரசு கொடுத்த தாள்கள் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாக்காளர் அட்டையும் ஏற்கப்படும் என்று சில கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். கிரீன் கார்டுக்காரர் கையில் வாக்காளர் அட்டை இருந்தால் அது வேறு வழக்கு.

பெயர் இன்னும் பெரிய தலைவலி. தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்து வளர்ந்த நமக்கு, கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் கிரீன் கார்டில் இன்னொரு மாதிரியும் ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாவது மாதிரியும் பெயர் அமைந்துவிடுகிறது. சிலருக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். எந்தத் துப்பாக்கியையும் பார்க்கப் போவதற்கு முன்பே ஓட்டுநர் உரிமத்தின் பெயரைக் கிரீன் கார்டின் பெயரோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஒரு எழுத்து விலகினாலும் வாங்க விடாத கடைகளும் உண்டு. அது அவர்களுடைய உரிமை, வாதாடிப் பயனில்லை.

3. படிவம் 4473-ஐக் கடையில் முதல்முறை பார்க்காதீர்கள்

கடையில் நிரப்ப வேண்டிய கூட்டரசுப் படிவம் இது. துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் இணையதளத்தில் இருக்கிறது. வீட்டிலேயே ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். பொய்யான பதில் குற்றம். தெரியாமல் போட்ட டிக் என்பதை அப்புறம் நிரூபிப்பது உங்கள் பாடு.

நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

குடியுரிமைக் கேள்வியில் கை தானாக ‘அமெரிக்கா’ பக்கம் போகும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் இந்தியா என்று எழுதி, கார்டில் உள்ள ‘ஏ’ எண்ணையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்கக் குடிமகன் என்று தவறாகச் சொல்லிக்கொள்வது குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் விஷயம். இந்த ஒரு கட்டம் பிஸ்டலைவிடப் பெரிய பொருளைப் பறித்துவிடும்.

துப்பாக்கியின் உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்பார்கள். எச்-1பி நண்பர் பணம் கொடுத்து “உன் பெயரில் வாங்கிக்கொடு” என்றால், அது நட்பு அல்ல, குற்றம். 2022-இல் வந்த சட்டத்தின்படி இதற்கு 15 ஆண்டு வரை சிறை.

கஞ்சா பற்றிய கேள்வி அடுத்தது. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி விற்கப்பட்டாலும், கூட்டரசுப் படிவத்தில் அந்தச் சலுகை இல்லை என்று படிவமே எச்சரிக்கிறது.

சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தருவது கட்டாயமில்லை. ஆனால் நம் பெயர்களுக்கு அதைத் தருவதே நல்லது என்பது என் அனுபவம். ஒரே பெயரில் வேறு யாரையாவது பதிவேட்டில் கண்டால், பிரித்தறிய அது உதவும்.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் ‘நிக்ஸ்’ பின்னணிச் சோதனைக்கு விவரங்களை அனுப்புவார். ‘தொடரலாம்’, ‘தாமதம்’, ‘மறுப்பு’ என்று மூன்றில் ஒன்று வரும். என் பெயருக்குத் தாமதமே வந்துகொண்டிருந்தது. தாமதம் என்றால் குற்றம் என்று பொருளில்லை. கடையிலிருப்பவர்கள் பார்க்கும் பார்வைதான் அப்படி இருக்கும். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால், 21 வயது கடந்தவருக்குத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூட்டரசுச் சட்டம் கடைக்காரரை அனுமதிக்கிறது. அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்துவதில்லை. பதில் வரும்வரை தர மாட்டோம் என்பதைச் சில கடைகள் தங்கள் கொள்கையாக வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனை 30 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் எடுக்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

ஒவ்வொரு முறையும் தாமதம் வருகிறவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் தங்கள் விவரங்களைத் தாமாகவே பதிந்துகொண்டு, யு.பி.ஐ.என். என்ற தனி எண்ணைப் பெறலாம். கைரேகை அனுப்ப வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். அடுத்த படிவத்தில் அந்த எண்ணை எழுதிவிடலாம்.

4. கட்டாயமில்லை என்றாலும் உரிமம் எடுங்கள்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். பிறகு எதற்கு உரிமம்? கூட்டரசுச் சட்டம் பள்ளியைச் சுற்றி 1000 அடியைத் துப்பாக்கியில்லாப் பகுதி என்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிடுகிற எவரும் இந்தக் கோட்டைத் தினமும் கடக்கிறார். இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. தவிர, வேறு பல மாநிலங்கள் டெக்சாஸ் உரிமத்தை ஏற்கின்றன. உரிமம் இருந்தால், அடுத்து வாங்கும்போது ‘நிக்ஸ்’ அழைப்பையும் தவிர்க்கலாம்.

விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். கைரேகைக்கு ஏறத்தாழ 10 டாலர். 4 முதல் 6 மணி நேரப் பாடத்துக்கு இடத்தைப் பொறுத்து 50 முதல் 100 டாலர் வரை. பாடத்தை இணையத்தில் முடித்தாலும், சுடும் தேர்வை நேரில் கொடுக்க வேண்டும்: 3, 7, 15 கெஜத் தூரங்களிலிருந்து மொத்தம் 50 தோட்டா, 250-க்கு 175 மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்ததிலிருந்து 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உரிமம் 4 ஆண்டு செல்லும்.

இந்தத் தேர்வுக்குப் பைத் துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள். 15 கெஜத்தில் அதை வைத்துக்கொண்டு மதிப்பெண் வாங்குவது வீண் வேலை. உங்கள் பெரிய துப்பாக்கியைக் கொண்டுபோங்கள்.

கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் ஆகியவை டெக்சாஸ் உரிமத்தை ஏற்பதில்லை. நியூ ஜெர்சியில் உறவினர் வீட்டுக்குக் காரில் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த மாநிலங்களில் வசிப்பவர்கள் பட்டியல், காத்திருப்பு, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அளவு என்று தனித்தனி விதிகளைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் வாங்கிய பிறகு 10 நாள் காத்திருப்பு. மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கடையில் புதிதாக விற்கும் கைத்துப்பாக்கி மாநிலத்தின் பட்டியலில் இருக்க வேண்டும்.

5. இது உங்கள் முதல் துப்பாக்கியா? அப்படியானால் நில்லுங்கள்

சிறியது என்றால் எளியது என்ற எண்ணத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. என் மனைவி ஒரு கடையில் விசாரித்தபோது, விற்பனையாளர் எதையும் கேட்காமல் இருப்பதிலேயே சிறியதை, அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில், எடுத்து நீட்டினார். அந்த அளவுத் துப்பாக்கிதான் சுடுவதற்கு மிகக் கடினமானது. எடை குறைவாக இருப்பதால் பின்னுதைப்பு முழுவதும் கைக்கு வருகிறது. குழல் சிறியது என்பதால் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு. கை மயிரிழை ஆடினாலும் தோட்டா விலகும். பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரல் காற்றில் தொங்கும்.

ஆகவே முதலில் நடுத்தர அளவில் ஒரு 9 மி.மீ. பிஸ்டலில் பழகுங்கள். சிறியது அதற்குப் பிறகு வரட்டும். முதன்மைத் துப்பாக்கி இயங்காமல் போனாலோ, வலது கையால் அதை எட்ட முடியாமல் போனாலோதான் துணைக்கு வேலை. இடையில் எதையும் இடுப்பில் வைக்க முடியாத உடையில் அதுவே முதன்மை ஆகிவிடும் நாட்களும் உண்டு. டெக்சாஸ் கோடையில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய.

6. பையை அளவெடுங்கள்

அட்டைப் பெட்டியிலிருந்து 5¼ அங்குல நீளம், 4 அங்குல உயரம், 1 அங்குலத் தடிமனில் ஒரு வடிவத்தை வெட்டி ஒட்டுங்கள். இந்த வகைப் பிஸ்டல்களின் உத்தேச அளவு இது. வழக்கமாகப் போடும் எல்லாக் கால்சட்டைகளிலும் நுழைத்துப் பாருங்கள். கை உள்ளே போய், பிடியைச் சுற்றி விரல்களை மூடி, மூடிய கையோடு வெளியே வர வேண்டும். வெறும் கை எளிதாக நுழையும் பையில் மூடிய கை சிக்கிக்கொள்வதை அப்போதுதான் காண்பீர்கள். இறுக்கமான ஜீன்ஸ் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். உட்கார்ந்தும் பாருங்கள். கார் இருக்கையில் பெல்ட் போட்டிருக்கும்போது முன் பையிலிருந்து எதையும் உருப்படியாக எடுக்க முடியாது. இது பைத் துப்பாக்கியின் மாறாத குறை. எந்த மாடலும் இதைத் தீர்க்காது.

எந்தப் பை என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். முதன்மை வலது இடுப்பில் இருந்தால் துணை இடது முன் பையில் இருக்கட்டும். வலது கை பிடிபட்டிருக்கும்போது வலது பையில் இருக்கும் துணையால் என்ன பயன்? அப்படியானால் இடது கையால் சுடவும் பழக வேண்டும். வாங்குவதற்கு முன்பே இதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

அந்தப் பையில் வேறு எதுவும் கூடாது. சாவி, சில்லறை, மிட்டாய்த் தாள் எதுவும். பர்ஸும் ஓட்டுநர் உரிமமும் எதிர்ப் பையில் இருக்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் அடையாள அட்டை கேட்கும்போது உங்கள் கை துப்பாக்கி இருக்கும் பையை நோக்கிப் போவது யாருக்கும் நல்லதல்ல. கையைச் சக்கரத்தின் மேல் வைத்தபடி, உரிமம் இருப்பதையும் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதையும் அமைதியாகச் சொல்லுங்கள். பிறகு அவர் சொல்வதைச் செய்யுங்கள். துப்பாக்கி கையிருப்பில் இருக்கும்போது அடையாள அட்டையைக் கேட்டால், டெக்சாஸ் உரிமதாரர் அந்த உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

7. வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

பயிற்சிக்கூடங்களில் துப்பாக்கி வாடகையும் சுடும் தடத்துக்கான கட்டணமும் சேர்த்து 30 முதல் 45 டாலர் ஆகும், தோட்டா தனி. இந்தப் பணத்தை மிச்சம் பிடித்தவர்கள், பெட்டியோடு பாதி விலைக்கு விற்பதைப் பழைய துப்பாக்கி அலமாரிகளில் பார்க்கலாம்.

முதலில் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி. பின்னால் இழுத்துப் பாருங்கள். பத்து முறை இழுத்தபின் பதினொன்றாவது முறை இழுக்க முடிகிறதா? ‘ப்ளோபேக்’ முறையில் (குழல் பூட்டிக்கொள்ளாமல், வெடிப்பின் உந்துதலே ஸ்லைடைத் தள்ளும்) இயங்கும் பழைய பாணிப் பிஸ்டல்களில் ஸ்லைடு வில் கடினமாக இருக்கும். வால்தர் பிபிகே அதற்கு உதாரணம். குழல் பூட்டிக்கொள்ளும் வகையில் இது எளிதாகும். அதே தோட்டாவுக்கு உதைப்பும் மென்மையாக இருக்கும். விரல் பலம் குறைந்தவர்கள் பெரெட்டா டாம்கேட்டைப் பாருங்கள். அதில் குழலின் பின்முனை மேலே எழும்பும். ஸ்லைடை இழுக்காமலே தோட்டாவை வைத்து மூடலாம்.

அடுத்தது விசை. பைத் துப்பாக்கிக்கு நீண்டு, சற்றுக் கனத்து இழுபடும் விசையே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கடையில் விரலுக்கு இனிமையாக இருக்கும் குட்டையான விசை, பையில் இருக்கும்போது இனிமையாக இருக்காது. கடையில் வெறுமனே விசையை இழுத்துப் பார்ப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். துப்பாக்கி காலி என்பதைக் கடைக்காரரும் நீங்களும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. இப்போது மாடல்கள்

எடைகள் எல்லாம் தோட்டா இல்லாமல். நிரப்பினால் இன்னும் கூடும்.

ரூகர் எல்சிபி, 2008-இல் வந்தது. .380 காலிபர் (குழல் விட்டத்தின் அளவு), 6+1 தோட்டா (மேகசினில் 6, குழலில் 1), சுமார் 270 கிராம். விலை 250-300 டாலர். பையில் இருப்பதே தெரியாது, சுட்டால் மறக்க முடியாது. குறிகள் பெயரளவுக்குத்தான். பழையது வாங்குவதானால், 2008-இல் நிறுவனம் முதல் தொகுதிகளைப் பாதுகாப்புக் காரணமாகத் திரும்பப் பெற்றதை நினைவில் வைத்து, வரிசை எண்ணைச் சரிபாருங்கள்.

ரூகர் எல்சிபி மேக்ஸ், 2021. ஏறத்தாழ அதே அளவில் 10+1 தோட்டா, 300 கிராம், உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியும் குறிகள். 350-450 டாலர். ஸ்மித் அண்ட் வெஸனின் பாடிகார்ட் 2.0, 2024-இல் வந்தது. 280 கிராம், 10+1, விலையும் இதையொட்டியே. .380-இல் வாங்குகிறவர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். எது என்பதைக் கை சொல்லும். எனக்குப் பாடிகார்டின் விசை பிடித்தது.

க்ளாக் 42 சற்றுப் பெரியது, 390 கிராம், 6+1. இவற்றுள் சுடுவதற்கு மிக இதமானது. ஆனால் பல கால்சட்டைகளின் பையில் மட்டுமீறித் துருத்தும். அட்டையை அதன் அளவுக்கு வெட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2018-இல் வந்த சிக் பி365-ஐயும் பைத் துப்பாக்கி என்று விற்பார்கள். 10+1, 9 மி.மீ., அருமையான துப்பாக்கி. அரைக் கிலோ எடையோடு பையில் தொங்கும்போது ஊருக்கே தெரியும். முதன்மைக்கு வாங்குங்கள்.

கெல்-டெக் பி-32 வெறும் 190 கிராம்; .32 காலிபர் என்பதால் உதைப்பும் குறைவு. இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு சற்றே வெளியே நீட்டியிருக்கும். முனை குழிவாக இருக்கும் குட்டையான ஹாலோ பாயின்ட் தோட்டாக்களை நிரப்பினால், மேகசினுக்குள் ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிப் பூட்டிக்கொள்ளக்கூடும். முழு நீளத் தோட்டாக்களை வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

ரிவால்வரை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 642, .38 ஸ்பெஷல், 5 தோட்டா, 410 கிராம், சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். விலை ஏறத்தாழ 450-500 டாலர். உருளை தடித்திருந்தாலும் வளைவான வடிவம் பையில் துப்பாக்கி என்று காட்டிக்கொடுக்காது. துணிக்குள்ளிருந்து எடுக்கும்போது எதிலும் மாட்டாது. தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். துணைத் துப்பாக்கி என்ற வேலைக்கு மட்டும் என்றால், என் வாக்கு இதற்குத்தான். ஐந்து தோட்டா போதுமா என்று கேட்பவர்களுக்கு: அது துணை.

.22-ஐ நான் தவிர்ப்பேன். விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா, மையத்தில் அடித்து வெடிப்பதைப்போல நம்பகமானதல்ல. கை வலி, மூட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. ஒரு பொறி பற்றியும் சொல்லிவிடுகிறேன்: .380-க்கும் 9 மி.மீ.க்கும் குண்டின் விட்டம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்று என்று சிலர் வாங்கிவிடுகிறார்கள். .380-இன் பித்தளைக் கூட்டின் நீளம் 17 மி.மீ., மற்றதில் 19. ஒன்றில் மற்றொன்றைப் போடக் கூடாது.

9. உறை இல்லாமல் பைக்குள் போகக் கூடாது

பைக்கென்றே செய்த உறை 20 முதல் 40 டாலர். விசைக் காப்பை முழுவதும் மூட வேண்டும். துப்பாக்கியை எடுக்கும்போது உறை பையிலேயே தங்க வேண்டும். அதற்காக வெளிப்புறம் ஒட்டும் தன்மையோடு அல்லது கொக்கியோடு செய்திருப்பார்கள். கடையில் உங்கள் கால்சட்டைப் பையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

திரும்ப வைக்கும்போது, உறையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து உள்ளே வையுங்கள். பைக்குள் இருக்கும் உறையில் தோட்டா நிரம்பிய துப்பாக்கியைக் கண் பாராமல் திணித்தால், குழல் பார்ப்பது உங்கள் தொடையை.

10. 200 தோட்டா கடக்காமல் நம்பாதீர்கள்

வாங்கியதும் சுத்தம் செய்து எண்ணெயிட்டு, சாதாரணப் பயிற்சித் தோட்டா 150, பையில் வைக்கப்போகும் அதே தோட்டா 50 சுடுங்கள். .380 பொதுவாக 9 மி.மீ.யைவிட விலை கூடுதல். பாதுகாப்புத் தோட்டாவோ ஒன்று ஒரு டாலரைத் தாண்டும். துப்பாக்கி விலைக்கு மேல் 120-150 டாலரை இதற்கென்று ஒதுக்குங்கள். சிக்கினால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் சிறிய பிஸ்டல்களில் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. தேர்ந்தவர் ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் கையிலும் சிக்கினால் நிறுவனத்துக்கு அனுப்பலாம்.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சுட்டு முடிக்க முயலாதீர்கள். ஐம்பதைக் கடந்ததும் கை பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது.

பிறகு மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பைக்குள் உதிரும் நூல்தூசு குழலிலும் சுத்தியலின் இடுக்கிலும் அடைந்திருக்கும். வியர்வை வேறு.

11. வீடும் பயணமும்

விரல் அல்லது எண் பூட்டுள்ள சிறிய எஃகுப் பெட்டி ஒன்றை, 40-100 டாலரில், துப்பாக்கிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்டவர் கையில் தோட்டாவோடு துப்பாக்கி கிடைக்கும்படி கவனக்குறைவாக விட்டால் அது குற்றம். அந்தக் கால்சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே விட்டுவிட வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 விசாவில் வந்து தங்கும் மாதங்களில் பெட்டியின் எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஒன்றாவது படியில் சொன்ன தடை அவர்களுக்கும் பொருந்தும். வீட்டில் யாராவது மன உளைச்சலில் இருந்தால் அந்தக் காலம் முழுவதும் துப்பாக்கி வீட்டுக்கு வெளியே, நம்பகமான இடத்தில் இருக்கட்டும்.

300 கிராம் பொருள் பையில் இருப்பதே மறந்துபோகும். நீதிமன்றம், கூட்டரசு அலுவலகம், பள்ளி, சிவப்பு 51% பலகை வைத்த மதுக்கூடம், மறைத்து வைத்த துப்பாக்கிக்குத் தடை என்று ‘30.06’ அறிவிப்பு ஒட்டிய கடை ஆகியவற்றின் வாசலில் நின்று பையைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் வேண்டும். விமான நிலையத்தில் சோதனை வரிசைக்குள் துப்பாக்கியோடு நுழைந்தால் அபராதமே ஆயிரக்கணக்கான டாலர், கைதும் நேரலாம். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் தோட்டாவை நீக்கி, பூட்டிய கெட்டியான பெட்டியில் வைத்து, விமான நிறுவன மேசையில் அறிவித்து, சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும்.

இந்தியாவுக்குப் போகும்போது துப்பாக்கி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டா வந்துவிடும். பயிற்சிக்கூடத்துக்குத் தூக்கிப் போன முதுகுப்பையின் அடிமடிப்பில் உருண்டு கிடக்கும் ஒரே ஒரு .380 போதும், இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய. பயிற்சிக்கென்று ஒரு மலிவான பையைத் தனியாக வாங்கி, அதன் மேல் பெரிதாக அடையாளம் போட்டு, வீட்டிலுள்ள மற்றவர்களும் அதைப் பயணத்துக்கு எடுக்காதபடி காரேஜில் வைத்துவிடுங்கள்.